பற்றிய கையும் பதறும் எண்ணமும்

(வெள்ளி விழாச் சிந்தனை அரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளாக ஆற்றிய பணிகளை எனக்கு முன் பேசிய அன்பர்கள் எடுத்துரைத்தார்கள். குறிப்பேடுகள் வழங்கியதும், மாலை வகுப்புகள் நடத்தியதும், தேர்வுக் கட்டணம் செலுத்தியதும் இவ்வட்டாரம் அறிந்த செய்திகள். நான் எடுத்துக்கொண்ட பொருள் அப்பணிகளின் தொடர்ச்சியாக வருவது. கல்லூரி வாயில் வரை நாம் கொண்டுபோய் விட்ட பிள்ளைகளுள் சிலர், முதற் பருவம் முடிவதற்குள் பெட்டியோடு திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். காரணம் கேட்டால் சிலர் பணத்தட்டுப்பாட்டைச் சொல்வார்கள். அதற்கு நாம் வழி செய்கிறோம். வழி செய்த பின்னும் சிலர் திரும்பிப் போவதில்லை. "அங்கே யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை", "நான் அந்த இடத்துக்கு உரியவன் அல்லன்", "ஒரு பாடத்தில் தவறிவிட்டேன், இனி எனக்குப் படிப்பு வராது" என்பன அவர்கள் கூறும் மறுமொழிகள்.

இச்சொற்கள் எங்கிருந்து பிறக்கின்றன? அறிவுக் குறைவிலிருந்து அல்ல. நல்ல மதிப்பெண் பெற்றவர்களே இவ்வாறு பேசுகிறார்கள். குழந்தைப் பருவத்தில் நாம் யாருடைய கையைப் பற்றி வளர்ந்தோம், அக்கை நமக்கு எவ்வாறு கிடைத்தது என்பதற்கும், இளமையில் நாம் உலகை எடைபோடும் முறைக்கும் தொடர்பு உண்டு என்று உளவியல் கூறுகிறது. அதை நம் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பிணைப்பு என்பது யாது?

இங்கிலாந்து நாட்டு மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளின் நிலையை ஆராய்ந்து, 1951இல் உலக நலவாழ்வு நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை அளித்தார். குழந்தைக்குச் சோறும் உடையும் மட்டும் போதா. தன்னைத் தொடர்ந்து பேணும் ஒருவரது நெருக்கம் உணவைப் போன்றே தேவையானது என்பது அவர் கண்ட முடிவு. அந்நெருக்கத்தையே உளவியலார் பிணைப்பு என்கின்றனர். பௌல்பி 1969 முதல் மூன்று பெருநூல்களில் இக்கொள்கையை விரித்துரைத்தார்.

அவரோடு பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த் என்னும் அம்மையார், 1950களில் உகாண்டா நாட்டுச் சிற்றூர்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் நேரில் கண்டு ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஓர் ஆய்வு முறையை வகுத்தார். ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையைப் புதிய அறை ஒன்றில் தாயோடு இருக்கச் செய்வார். தாய் சற்று வெளியே சென்று மீண்டும் வருவாள். அவள் போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைக் காட்டிலும், அவள் திரும்பி வரும்போது அது என்ன செய்கிறது என்பதையே அம்மையார் உற்று நோக்கினார்.

கார்த்திகைத் தீப நாளன்று நம் ஊரில் கூடும் பெருங்கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். அக்கூட்டத்தில் தாயின் கை நழுவிப் போன குழந்தைகள் மீண்டும் அவளைக் காணும்போது எல்லாரும் ஒரே வகையாக நடந்துகொள்வதில்லை. ஒரு குழந்தை ஓடிவந்து மடியில் விழுந்து அழும். சற்று நேரத்தில் அழுகை ஓய்ந்து, பலூன்காரரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிடும். மற்றொரு குழந்தை தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டே அவளை அடிக்கும். எவ்வளவு தேற்றினும் தேறாது. அன்று முழுவதும் அந்த முந்தானையை விடாது. மூன்றாவது குழந்தை, தாய் வந்ததையே காணாதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கையிலுள்ள பொம்மையை உருட்டும்.

முதற் குழந்தையினுடையது உறுதிப் பிணைப்பு. தேடினால் கை கிடைக்கும் என்று அது கற்றிருக்கிறது. இரண்டாவது பதற்றப் பிணைப்பு. கை சில வேளை கிடைத்தது, சில வேளை கிடைக்கவில்லை. ஆகவே பிடித்த பிடியை விட அதற்கு அச்சம். மூன்றாவது விலகற் பிணைப்பு. கேட்டும் பயனில்லை என்று கண்டு, கேட்பதையே நிறுத்திக்கொண்ட நிலை அது. அக்குழந்தை அமைதியாகத் தோன்றினும் அதன் நெஞ்சு விரைந்து துடிப்பதை ஆய்வாளர் அளந்து கண்டுள்ளனர். பேணுகிறவரே அச்சத்துக்கும் காரணமாகும்போது குழந்தை அணுகவும் இயலாமல் விலகவும் இயலாமல் தடுமாறும் நான்காம் வகையையும் பின்வந்த அறிஞர் சேர்த்தனர்.

குழந்தை வளரும்போது இவ்வனுபவம் மனத்தில் ஓர் உள்வரைபடமாகப் பதிகிறது. "நான் அன்புக்கு உரியவனா? பிறர் நம்பத் தக்கவரா?" என்னும் இரண்டு வினாக்களுக்கும் அவ்வரைபடம் விடை வைத்திருக்கிறது. 1987இல் ஹேசான், ஷேவர் என்னும் இருவர், இதே வகைகள் வயது வந்தோரின் காதலிலும் நெருங்கிய உறவுகளிலும் காணப்படுவதைக் காட்டினர்.

எண்ணச் சாய்வுகள்

இனி அடுத்த பகுதிக்கு வருவோம். மனித மனம் எல்லாவற்றையும் ஆராய்ந்து முடிவு செய்வதில்லை. குறுக்கு வழிகளில் விரைந்து முடிவுக்கு வருகிறது. அவ்வழிகள் பெரும்பாலும் பயன்படுகின்றன. சில இடங்களில் ஒரே திசையில் பிழைபடுகின்றன. அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரை இதனை உலகறியச் செய்தது. கானமன் 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். மனச்சோர்வுற்ற நோயாளிகளிடம் இத்தகைய பிழைகள் மிகுந்து காணப்படுவதை அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960களிலேயே எடுத்துக்காட்டி, அவற்றைத் திருத்துவதையே மருத்துவ முறையாக வளர்த்தார்.

நம் இளைஞர் வாழ்வில் அடிக்கடி காணும் சாய்வுகள் ஐந்து.

முதலாவது, பிறர் மனத்தைத் தானே படித்துவிடுதல். நண்பன் அலைபேசிச் செய்திக்கு விடையளிக்கவில்லை. உடனே "என்னை வெறுக்கிறான்" என்ற முடிவு.

இரண்டாவது, ஒன்றைக் கொண்டு எல்லாவற்றையும் அளத்தல். ஒரு நேர்முகத் தேர்வில் தவறினால் "எனக்கு வேலையே கிடைக்காது" என்பது.

மூன்றாவது, சிறியதைப் பேரிடராக்கல். ஆசிரியர் ஒரு கணக்கைத் திருத்தச் சொன்னால், கல்லூரியை விட்டே நீக்கப்போகிறார் என்று இரவெல்லாம் உறங்காதிருப்பது.

நான்காவது, இருமுனை எண்ணம். ஒருவர் முழுக்க நல்லவர், அல்லது முழுக்கத் துரோகி. இடைநிலை என்று ஒன்று இராது.

ஐந்தாவது, நம்பியதற்குச் சான்று தேடல். முன்பே கொண்ட முடிவுக்கு இசைவானவை மட்டும் கண்ணுக்குத் தெரியும். மாறானவை கண்முன் நின்றாலும் தெரியா.

இரண்டும் எங்கே சந்திக்கின்றன?

பதற்றப் பிணைப்போடு வளர்ந்தவர், கை நழுவும் அறிகுறியை ஓயாது தேடிக்கொண்டிருப்பவர். தேடுகிறவருக்கு அறிகுறி கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆதலின் மனத்தைப் படித்தலும் பேரிடராக்கலும் அவரிடம் மிகுதி. "நீ என்னை விட்டுப் போய்விடுவாயா?" என்று நாள்தோறும் கேட்கக் கேட்க, கேட்கப்படுபவர் சலிப்படைகிறார், அச்சலிப்பே சான்றாகிவிடுகிறது. அஞ்சியதை அச்சமே கொண்டுவந்து சேர்க்கிறது.

விலகற் பிணைப்புடையவரின் பிழை வேறு திசையில் செல்லும். "எனக்கு யாரும் தேவையில்லை" என்பது அவரது கொள்கை. உதவி நீட்டப்பட்டாலும் உள்நோக்கம் இருக்கும் என்று தள்ளுவார். அன்பு காட்டப்பட்ட நிகழ்ச்சிகள் அவர் நினைவில் தங்குவது அரிது. கணக்கில் ஐயம் எழுந்தாலும் பேராசிரியரிடம் கேட்கமாட்டார். தேர்வில் தவறிய பின், "நான் முயலவே இல்லை" என்று கூறித் தன்மானத்தைக் காத்துக்கொள்வார்.

உறுதிப் பிணைப்புடையவரும் பிழை செய்பவரே. ஆயினும் தன் முடிவு தவறாக இருக்கலாம் என்று ஏற்பது அவருக்கு அவ்வளவு அச்சம் தருவதில்லை. இஸ்ரேல் நாட்டு உளவியலார் மிக்குலின்சர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், உறுதிப் பிணைப்புடைய மாணவர்கள் புதிய செய்தி கிடைத்தபோது தம் முன் கருத்தை மாற்றிக்கொள்ள முன்வந்தனர் என்றும், மற்றவர்கள் முதலில் கொண்ட முடிவோடு நின்றுவிட விரும்பினர் என்றும் காட்டினார். காலுக்கடியில் தரை உறுதியாக இருப்பவன் சற்று எட்டிப் பார்க்க அஞ்சமாட்டான். தரை ஆடுகிறவன் நின்ற இடத்தையே இறுகப் பற்றிக்கொள்வான்.

இவை தலையெழுத்து அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இவை மிகுதி குறைவைக் காட்டும் போக்குகள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஏழைக் குடும்பக் குழந்தைகளை 1970களின் நடுப்பகுதி முதல் தொடர்ந்து கவனித்த அறிஞர்கள், ஒரு வயதில் கண்ட பிணைப்பு வகை 19ஆம் வயதில் பலரிடம் மாறியிருக்கக் கண்டனர். பின்னாளில் அமைந்த ஒரு நல்ல ஆசிரியர், ஒரு நண்பர், ஒரு வாழ்க்கைத் துணை அந்த உள்வரைபடத்தைத் திருத்தி எழுத முடியும்.

நம் தாய்மார் மீது பழி வேண்டா

இக்கொள்கையை அரைகுறையாகக் கேட்போர், "அப்படியானால் தாய்தானே குற்றவாளி" என்று தீர்ப்பளித்துவிடுவார்கள். அத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை. செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிகளிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூரு சென்ற தாயும், செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ சென்ற தாயும் பிள்ளையை மறந்து போனவர்கள் அல்லர். அவர்கள் அனுப்பிய பணமே பிள்ளையின் பள்ளிச் சீருடையாயிற்று. அவ்விடைவெளியில் நம் ஆயாக்களும் பெரியம்மாக்களும் அத்தைகளும் அப்பிள்ளைகளை வளர்த்தார்கள். பிணைப்பு ஒருவரோடு மட்டுமே அமைய வேண்டும் என்ற விதி இல்லை. பல கைகள் மாறினாலும், அவற்றுள் ஒரு கையேனும் நிலையாக இருந்தால் குழந்தை தழைக்கும்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வையே காணுங்கள். அவர் சிறுவனாக இருந்தபோதே தாய் பீமாபாய் மறைந்தார். தந்தையின் தமக்கையான மீராபாய் அவரை வளர்த்தார். பம்பாயில் ஒற்றை அறையில் வாழ்ந்த தந்தை ராம்ஜி, பின்னிரவில் மகனைப் படிக்க எழுப்பிவிடுவார். மணமாகிப் போன மகள்களின் நகையை வாங்கி அடகு வைத்து மகனுக்கு நூல் வாங்கித் தந்தார். தாயை இழந்த அப்பிள்ளைக்குக் கை இல்லாமற் போகவில்லை.

மற்றொன்றும் உண்டு. தமிழ்க் குடும்பத்தில் அன்பு வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. மார்கரெட் டிராவிக் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரு கூட்டுக் குடும்பத்தோடு வாழ்ந்து, தமிழரின் அன்பைப் பற்றி 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். இங்கே அன்பு அடக்கத்தில் மறைந்திருக்கும், பழக்கத்தில் வளரும், சில வேளை கடுமையின் உருவிலும் வரும் என்று அவர் எழுதினார். பெற்ற பிள்ளையைத் தாய் உற்றுப் பார்த்து மகிழ்ந்தால் கண்ணேறு படும் என்பது நம் வீடுகளிலும் உள்ள நம்பிக்கை அன்றோ?

ஆகவே இளைஞர்களே, "அப்பா ஒரு நாளும் என்னைப் பாராட்டியதில்லை, ஆகவே அவருக்கு என்மேல் அன்பில்லை" என்று முடிவு செய்யுமுன் சற்று நில்லுங்கள். காட்டப்படாத அன்பை இல்லாத அன்பாகக் கொள்வதும் ஓர் எண்ணச் சாய்வே. உங்களுக்காக எடுத்து வைக்கப்பட்ட மீன் துண்டையும், கேளாமலே கட்டப்பட்ட தேர்வுக் கட்டணத்தையும் சான்றுப் பட்டியலில் சேருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைக்கு அன்பு இருக்கிறது என்பது போதாது. இருப்பது அதற்குத் தெரியவும் வேண்டும். அடியைக் கண்டிப்பு என்றும் ஏச்சை அக்கறை என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கையை எந்தப் பழக்கத்தின் பெயராலும் அன்பென்று ஏற்க முடியாது.

அச்சம் எப்போது பிழை, எப்போது பட்டறிவு?

இனி நான் சொல்லப் போவதே இவ்வுரையின் மையம். மேலைநாட்டு நூல்களில் எழுதப்பட்டதை அப்படியே எடுத்து, "உன் அச்சம் வெறும் எண்ணக் கோணல்" என்று நம் பிள்ளைகளிடம் சொல்லிவிட முடியாது. நமக்கு நேர்ந்தவை கற்பனை அல்ல.

இரட்டைமலை சீனிவாசனார் 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் தாம் படித்த நாள்களை நினைவுகூர்கிறார். உடன் படித்தோர் தம் சாதியை அறிந்தால் இழிவாக நடத்துவர் என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே தனித்திருந்து படிப்பார். மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிறர் எட்டிப் பிடிக்காதபடி விரைந்து வீடு சேர்வார். வெளியிலிருந்து பார்த்த ஒருவர் அவரை விலகற் போக்குடையவர் என்று எழுதியிருக்கக் கூடும். உண்மையில் அது சூழ்நிலையைச் சரியாகக் கணித்த ஒரு சிறுவனின் தற்காப்பு. பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தாமே தொட இயலாமல், ஏவலர் வந்து திறக்கும் வரை தாகத்தோடு இருந்ததை அண்ணலும் எழுதியிருக்கிறார்.

இக்காலத்திலும் சான்றுகள் உள்ளன. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நம் மாணவர்க்கு இழைக்கப்பட்ட வேறுபாட்டைத் தோரட் குழு 2007இல் பதிவு செய்தது. நம் மாவட்டத்துத் தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாக மறுக்கப்பட்டிருந்த கோயிலுக்குள் நம் மக்கள் 2023 சனவரியில்தான், அதுவும் காவல்துறைப் பாதுகாப்போடு, நுழைய முடிந்தது.

வெளியிலுள்ள இழிவு உள்ளே எவ்வாறு புகுகிறது என்பதையும் ஓர் ஆய்வு காட்டுகிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவர் உத்தரப்பிரதேசச் சிற்றூர்களில் 6, 7ஆம் வகுப்புச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகளைத் தந்து தீர்க்கச் சொன்னார்கள். மேல்சாதியார் எனப்படுவோர் 321 பேர், தாழ்த்தப்பட்டோர் 321 பேர். சாதியைக் குறிப்பிடாதபோது இரு சாராரும் ஒத்த திறன் காட்டினர். அனைவர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் படித்த பின், தாழ்த்தப்பட்ட சிறுவர்களின் திறன் குறைந்தது. மூளை மாறவில்லை, அறை மாறியது. ஆய்வு வெளிவந்தது 2004இல்.

அப்படியானால் எண்ணச் சாய்வு பற்றிய பேச்சே நமக்கு வேண்டாவா? மிகவும் வேண்டும். ஓரிடத்தில் நம்மைக் காத்த எச்சரிக்கை, மற்றோரிடத்தில் நம்மைக் கட்டிப்போடும் விலங்காகலாம். சீனிவாசனார் வாழ்நாள் முழுவதும் மணி அடித்த பின் வகுப்புக்குள் நுழைந்தவராகவே இருந்துவிடவில்லை. 1893இல் 'பறையன்' என்னும் பெயராலேயே இதழ் தொடங்கினார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு அமர்ந்து நம் உரிமையைப் பேசினார். மறைக்க வேண்டிய காலத்தையும் முழங்க வேண்டிய காலத்தையும் அவர் பிரித்தறிந்தார்.

அவ்வாறு பிரித்தறிய மூன்று வினாக்களை உங்களுக்குத் தருகிறேன். நடந்தது என்ன, அதன்மேல் நான் ஏற்றிய பொருள் என்ன? இம்முடிவுக்கு மாறான சான்று ஏதேனும் உண்டா? என் நலம் நாடும் மூவரிடம் சொன்னால் அவர்களும் இதையே முடிவு செய்வார்களா? இவற்றைத் தாளில் எழுதி விடை காணுங்கள். விடை "இது உண்மையான இழிவு" என்று வந்தால், அஞ்சி ஒதுங்க வேண்டா. நாள், இடம், சாட்சி குறித்து வைத்து முறையிடுங்கள், கழகம் உடன் நிற்கும். விடை "இது என் பழைய அச்சம்" என்று வந்தால், அடுத்த நாள் வகுப்புக்குப் போங்கள். இரண்டில் எதுவாயினும் பெட்டி கட்டுவது விடை ஆகாது.

கழகம் செய்ய வேண்டுவது

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் வால்ட்டன், கோகன் ஆகியோர் முதலாண்டு மாணவர்க்கு ஒரு செய்தியைப் படிக்கத் தந்தனர். "இங்கு நான் அந்நியன் என்ற எண்ணம் தொடக்கத்தில் எல்லாருக்கும் வரும்; நாளடைவில் மறையும்" என்று மூத்த மாணவர்கள் கூறிய கருத்துகளே அதன் உள்ளடக்கம். அதன்பின் மூன்றாண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்ததை 2011இல் வெளியிட்டனர். 22 நிறுவனங்களில் நடத்திய பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. நம்பிக்கைச் சொல்லோடு, உள்ளபடியே சேர்ந்து பழக வாய்ப்பும் இருந்த இடங்களில்தான் அச்சொல் பயன் தந்தது என்பதை அது தெளிவாக்கியது. சொல்லும் வேண்டும், இடமும் வேண்டும்.

ஆதலின் இவ்வெள்ளி விழாவில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவதாக, வெளியூர்க் கல்லூரிக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும், முன்பே அவ்வழி சென்ற ஓர் அண்ணனையோ அக்காவையோ கழகம் பொறுப்பாக்க வேண்டும். முதல் பருவத்தில் வாரம் ஒரு முறை, குறித்த நாளில், குறித்த நேரத்தில் அவர் பேச வேண்டும். வந்தால் வரும் என்ற அன்பைவிட, சொன்ன நேரத்தில் வரும் அன்பே மனத்தை உறுதிப்படுத்தும். இரண்டாவதாக, மாலை வகுப்பு ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிராமல், ஒரு குழுவுக்கு ஓர் ஆசிரியர் சில ஆண்டுகளேனும் நிலைத்திருக்க வழி செய்ய வேண்டும். மூன்றாவதாக, மனம் தளர்ந்து உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணும் பிள்ளையை ஏசுவதும் மறைப்பதும் கூடா. 2022இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். இந்த எண்ணை நம் படிப்பகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இளைஞர்களே! உங்கள் குழந்தைப் பருவத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நாளை உங்கள் கையைப் பற்றப்போகும் பிள்ளைக்கு அது எத்தகைய கையாக இருக்க வேண்டும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். நம் தந்தையர் தலைமுறை பள்ளிக்கூடக் கதவைத் திறந்தது. நம் தலைமுறை கல்லூரிக் கதவைத் திறந்தது. உள்ளே நுழைந்தவர்கள் இறுதித் தேர்வு வரை அங்கே நிலைத்திருக்கச் செய்வது இனிவரும் ஆண்டுகளின் பணி. பொன்விழா மலரில் அப்பட்டதாரிகளின் பெயர்ப் பட்டியல் பல பக்கங்களுக்கு நீளட்டும் என்று வாழ்த்துகிறேன்.